ஜே விசையில் எந்த எழுத்து? தமிழ் விசைப்பலகைகளின் வரலாறும் தரவைப் படிக்கும் முறையும்

படித்து முடித்த மின்னஞ்சலை உள்பெட்டியிலிருந்து எடுத்துக் காப்பகத்தில் இடுவது மிகச் சிறிய வேலை. ஆனால் அதற்கு அழுத்த வேண்டிய விசை மென்பொருளுக்கு மென்பொருள் மாறுகிறது. ஜிமெயிலில் குறுக்குவிசைகளை இயக்கி வைத்திருப்போர் ஆங்கில அகரவரிசையின் ஐந்தாம் எழுத்தை அழுத்துகிறார்கள். தண்டர்பேர்டில் அதற்கு முதல் எழுத்து, அவுட்லுக்கில் பேக்ஸ்பேஸ். கண்ட்ரோலுடன் ஆறாம் எழுத்தை அழுத்தினால் பெரும்பாலான மென்பொருள்களில் தேடல் திறக்கும். அவுட்லுக்கிலோ வந்த மடலை இன்னொருவருக்கு அனுப்பும் சாளரம் திறக்கும். விசைப்பலகை தமிழில் இருந்துவிட்டால் ஓரெழுத்துக் குறுக்குவிசைகள் பெரும்பாலும் வேலை செய்வதே இல்லை. காப்பகத்தில் இடச் சொல்லி அழுத்திய ஐந்தாம் எழுத்து தமிழ்99 விசைப்பலகையில் ‘ஊ’. தட்டச்சு முறையில் ‘ந’. அஞ்சல் முறையில் ‘எ’.

மின்னஞ்சல் பயனாளர்களுக்கு இது சிறு தொல்லை. தமிழில் தட்டெழுதுவோருக்கோ இது ஏறக்குறைய ஒரு நூற்றாண்டு வரலாறு. ஒரே விசை, வெவ்வேறு எழுத்து. இதைத் தரப்படுத்தாதவர்களின் அலட்சியம் என்று சொல்லிக் கடந்துவிடுவது எளிது. ஆனால் ஒவ்வொரு விசைப்பலகைக்குப் பின்னும் ‘தமிழ் எழுத்து என்றால் என்ன’ என்ற கேள்விக்கு ஒரு விடை இருக்கிறது; அந்த விடைகள் ஒன்றோடொன்று ஒத்துப்போகவில்லை. அவற்றின் தடயம் இன்று நாம் தரவாகக் கொள்ளும் பனுவல்களிலும் பதிந்திருக்கிறது. மொழியியல் மாணவர்கள் இவ்வரலாற்றை அறிந்திருக்க வேண்டிய காரணம் அதுவே.

முதலில் முரண்பாட்டின் அளவைக் காண்போம். பரவலாகப் புழங்கும் நான்கு முறைகளை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்: தட்டச்சு, இன்ஸ்கிரிப்ட், அஞ்சல், தமிழ்99.

ஹெச் விசை: தட்டச்சில் கால் (ா), இன்ஸ்கிரிப்டில் ப, அஞ்சலில் ஹ், தமிழ்99இல் க.
ஜே விசை: தட்டச்சில் த, இன்ஸ்கிரிப்டில் ர, அஞ்சலில் ஜ், தமிழ்99இல் ப.
கே விசை: தட்டச்சில் ம, இன்ஸ்கிரிப்டில் க, அஞ்சலில் க், தமிழ்99இல் ம.
எல் விசை: தட்டச்சில் ட, இன்ஸ்கிரிப்டில் த, அஞ்சலில் ல், தமிழ்99இல் த.

வலக்கை விரல்கள் இயல்பாகத் தங்கும் வரிசையின் நிலை இது. நான்கு விசைகளில் ஒன்றில்கூட நான்கு முறைகளும் உடன்படவில்லை.

1. வடிவமே எழுத்து

ஷோல்ஸ் வடிவமைத்த ஆங்கிலத் தட்டச்சுப் பொறி 1874இல் ரெமிங்டன் நிறுவனத்தின் வழியாகச் சந்தைக்கு வந்தது. அதன் கட்டமைப்பு இருபத்தாறு எழுத்துகளுக்கானது. நாற்பதுக்குச் சற்று மேற்பட்ட விசைகள், ஒவ்வொன்றிலும் மேல் கீழ் என இரண்டு அச்சுகள் என்றால், நூற்றுக்கும் குறைவான வடிவங்களே அப்பொறியில் அடங்கும். தமிழிலோ 247 எழுத்துகள். அதற்கு மேல் கிரந்த எழுத்துகள்.

இச்சிக்கலை எதிர்கொண்டவர்களில் முதன்மையானவர் ஆர். முத்தையா. யாழ்ப்பாணம் சுண்டிக்குளியில் 1886இல் பிறந்து, இளமையிலேயே மலாயாவுக்கும் சிங்கப்பூருக்கும் சென்றவர். அவர் வகுத்த விசைப்பலகையோடு தமிழ்ப் பொறி ஜெர்மனியில் தயாராகி விற்பனைக்கு வந்தது. அவருடைய முக்கியமான உத்தி நகரா விசை. அதை அடித்தால் தாளில் குறி விழும். ஆனால் தாளைத் தாங்கும் வண்டி நகராது. அடுத்து அடிக்கும் எழுத்து அதே இடத்தில் விழுந்து குறியோடு சேரும். எனவே ‘க்’ என்று அடிக்க வேண்டுமானால் புள்ளி முதலில், ககரம் பிறகு. ‘கொ’ என்று அடிக்க ஒற்றைக்கொம்பு, ககரம், கால் என்று கண்ணுக்குத் தெரியும் வரிசையில் மூன்று அடி.

இலக்கணப்படி ‘கொ’ என்பது க் என்னும் மெய்யும் ஒ என்னும் உயிரும் சேர்ந்தது. தட்டச்சுப் பொறிக்கு அந்த இலக்கணம் தெரியாது. தெரிய வேண்டிய தேவையும் இல்லை. தாளில் விழும் வடிவத் துண்டுகளே அதற்கு எழுத்து. ரகரத்துக்கும் காலுக்கும் தனித்தனி விசைகள் இருந்தாலும் அச்சில் இரண்டும் ஏறக்குறைய ஒன்றே. எதை அடித்தாலும் படிப்பவருக்கு வேறுபாடு தெரிவதில்லை. இந்தச் சிறு செய்தியை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்; பிறகு தேவைப்படும்.

1956ஆம் ஆண்டின் ஆட்சிமொழிச் சட்டத்துக்குப் பிறகு தமிழக அரசு அலுவலகங்களில் தமிழ்த் தட்டச்சருக்குத் தேவை பெருகியது. தட்டச்சுப் பயிலகம் இல்லாத சிற்றூரே இல்லை என்னும் நிலை வந்தது. இளநிலை, முதுநிலைத் தேர்வுகள் அரசு வேலைக்கான வாயில்களாயின. இடக்கை விரல்களுக்கான ‘யளனக’ என்ற முதற்பாடம் ஒரு தலைமுறையின் உடம்பில் பதிந்தது. 1978 அக்டோபரில் அரசு எழுத்துச் சீர்திருத்தத்தை ஏற்று, ணா, றா, னா, ணை, லை, ளை, னை ஆகியவற்றின் பழைய தனி வடிவங்களைக் கைவிட்டபோது பொறிக்கும் சுமை குறைந்தது. பெரியார் 1935 முதலே தம் இதழில் கையாண்ட மாற்றங்கள் இவை. சீர்திருத்தத்துக்கு ஆதரவாகச் சொல்லப்பட்ட காரணங்களில் அச்சு, தட்டச்சு ஆகியவற்றின் எளிமையும் ஒன்று.

2. வருக்கமே எழுத்து

இரண்டாம் விடை தில்லியிலிருந்து வந்தது. நடுவண் அரசின் மின்னணுவியல் துறை 1986இல் இன்ஸ்கிரிப்ட் விசைப்பலகையை வகுத்தது. பிராமியிலிருந்து கிளைத்த எழுத்துமுறைகள் அனைத்துக்கும் ஒரே அமைப்பு என்பதே அதன் கோட்பாடு. உயிர்கள் இடக்கைக்கு, மெய்கள் வலக்கைக்கு. கே விசையில் தேவநாகரியிலும் கன்னடத்திலும் வங்காளத்திலும் தமிழிலும் ககரமே. ஒரு மொழியில் பழகிய கை இன்னொரு மொழிக்குத் தடையின்றிச் செல்லலாம்.

சமற்கிருத வருக்க வரிசையை அடித்தளமாகக் கொண்ட இந்த அமைப்பில் தமிழ் உட்காரும்போது பல நாற்காலிகள் காலியாகின்றன. தேவநாகரியின் ஒலிப்புடைய ககர, தகர, பகரங்களுக்கான விசைகளில் தமிழுக்கு எழுத்து இல்லை. அவையோ எட்டுவதற்கு எளிதான இடங்கள். தமிழுக்கே உரிய ழ, ற, ன ஆகியன ஓரங்களுக்கோ ஷிஃப்ட் நிலைக்கோ ஒதுங்கின. இஸ்கி என்னும் குறியேற்றமும் இதே கோட்பாட்டில் எழுந்ததுதான்: 1988இல் ஒரு வடிவம், 1991இல் இந்தியத் தர நிர்ணய அமைப்பின் தரம். ஒருங்குறியின் முதற்பதிப்பு 1991இல் வந்தபோது அதன் தமிழ்ப் பகுதி இஸ்கியின் 1988ஆம் ஆண்டு வரிசையையே தழுவியது.

மைசூருக்கு இவ்வரலாற்றில் இடம் கிடைப்பது இங்கேதான். மானசகங்கோத்ரியில் 1969இல் தொடங்கப்பட்ட இந்திய மொழிகளின் நடுவண் நிறுவனம், 1990களின் முற்பகுதியில் மின்னணுவியல் துறையின் திட்டத்தின்கீழ்த் தமிழ், தெலுங்கு, கன்னடம், மலையாளம் ஆகிய மொழிகளுக்குத் தரவகங்களை உருவாக்கியது. மொழிக்குச் சுமார் 30 இலட்சம் சொற்கள். அச்சு நூல்களிலிருந்து எடுத்த பகுதிகளைத் தட்டெழுத்தாளர்கள் ஒவ்வொரு சொல்லாகக் கணினிக்குள் கொண்டுவந்தார்கள். இன்று தமிழ்க் கணினி மொழியியல் பற்றிய ஆய்வேடுகளில் ‘தரவகம்’ என்று ஒரே சொல்லில் சொல்லிச் செல்வதன் பின்னால் அந்த விரல்களின் உழைப்பு இருக்கிறது. அவர்கள் எந்த விசைப்பலகையில் பழகியவர்கள் என்ற கேள்வியை நாம் கேட்பதே இல்லை.

3. ஒலிபெயர்ப்பே எழுத்து

மூன்றாம் விடை புலம்பெயர்ந்தோரிடமிருந்து வந்தது. அதன் களம் மின்னஞ்சல். 1980களின் நடுவிலிருந்து மலேசியாவின் முத்து நெடுமாறன் உருவாக்கி வளர்த்த முரசு மென்பொருள், 1990களில் ‘முரசு அஞ்சல்’ ஆயிற்று. அதன் விசைமுறையின் பெயரும் ‘அஞ்சல்’ என்றே நிலைத்தது. ஆங்கிலத் தட்டச்சு தெரிந்தவர், தமிழ்ச் சொல்லை ஒலிக்கும் விதமாக உரோமன் எழுத்தில் அடித்தால் திரையில் தமிழ் தோன்றும். பயிலகத்துக்குப் போகாத, ஆனால் நாள்தோறும் ஆங்கிலத்தில் மடல் எழுதும் தமிழர்களுக்கு இது வாயிலைத் திறந்தது.

ஆனால் ஆங்கிலத்தில் ‘ல்’ ஒன்றுதான், ‘ர்’ ஒன்றுதான். தமிழின் கூடுதல் வேறுபாடுகளை ஷிஃப்ட் விசையே சுமக்க வேண்டியதாயிற்று. எல் விசை ல், ஷிஃப்டுடன் ள். ஆர் விசை ர், ஷிஃப்டுடன் ற். என் விசை ன், ஷிஃப்டுடன் ண்.

அதே காலத்தில் எழுத்துருக் குழப்பமும் உச்சத்தில் இருந்தது. ஒவ்வோர் எழுத்துருவும் தனக்கெனக் குறியேற்றம் வைத்திருந்தது. அனுப்புநர், பெறுநர் இருவரிடமும் ஒரே எழுத்துரு இல்லையென்றால் மடல் வெறும் குறிகளாகத் தெரிந்தது. ஈழத்தமிழரிடையே பெரிதும் பரவிய பாமினி எழுத்துருவில் ‘தமிழ்’ என்று எழுதியதை அந்த எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால் ஜே, கே, பி, ஓ என்னும் நான்கு ஆங்கில எழுத்துகளும் ஓர் அரைப்புள்ளியும்தான் கிடைக்கும். பழைய தட்டச்சு வரிசை இங்கே குறியேற்றமாகவே உறைந்துவிட்டது. பழைய ஆய்வேடுகளின் கோப்புகளைத் திறந்தவர்கள் இதைக் கண்டிருப்பார்கள்.

1997 மே மாதம் சிங்கப்பூரில் நடந்த தமிழ்நெட் மாநாடு இந்நிலைக்குத் தீர்வு தேடியது. சிங்கப்பூரின் நா. கோவிந்தசாமி, சுவிட்சர்லாந்திலிருந்த கு. கல்யாணசுந்தரம், முத்து நெடுமாறன் ஆகியோர் அக்காலத்தில் இத்துறையில் உழைத்தவர்களுள் முன்னணியினர். தொடர்ந்து மின்னஞ்சல் வழி உரையாடல்களில் தஸ்கி என்னும் பொதுக் குறியேற்றம் உருவாயிற்று. கண்டம் கடந்து கடிதம் எழுத விரும்பியவர்கள், கடிதங்கள் வழியாகவே எழுத்துக்குத் தரம் வகுத்தார்கள்.

4. இலக்கணமே எழுத்து

நான்காம் விடை சென்னையில் 1999 பிப்ரவரியில் நடந்த தமிழிணைய மாநாட்டின் விளைவு. அவ்வாண்டு ஜூனில் தமிழக அரசு தமிழ்99 விசைப்பலகையைத் தரமாக அறிவித்தது. உயிர் 12, மெய் 18, ஆய்தம் 1 ஆக 31 எழுத்துகளுக்கு 31 விசைகள். ஷிஃப்ட் தேவைப்படுவது கிரந்த எழுத்துகளுக்கே. குறில்கள் பெரும்பாலும் நடுவரிசையில், நெடில்கள் மேல்வரிசையில். ‘கொ’ என்று எழுத க, ஒ என இரண்டே அடி. மெய்யும் உயிரும் சேர்ந்து உயிர்மெய் ஆகும் என்று நாம் இலக்கணத்தில் படிப்பது இங்கே விரலசைவாகிறது.

இன்னும் நுட்பமானது தானியங்கிப் புள்ளி. ஒரே மெய் அடுத்தடுத்து வந்தால் முன்னது தானாகவே புள்ளி பெறும்: க, க என்றால் ‘க்க’. மெல்லினத்தை அடுத்து அதன் இனமான வல்லினம் வந்தாலும் அப்படியே: ந, த என்றால் ‘ந்த’. தமிழ்ச் சொற்களில் எந்த மெய்களை அடுத்து எவை வரும் என்ற மெய்ம்மயக்க அறிவு விசைப்பலகைக்குள் புகுந்திருக்கிறது.

ஆயினும் அரசாணை வந்ததால் பழகிய கைகள் மாறிவிடவில்லை. தட்டச்சுத் தேர்வுகள் பழைய பொறியிலேயே பல்லாண்டுகள் தொடர்ந்தன. ‘யளனக’ கற்றவர் வேலை வாங்கினார்; தமிழ்99 கற்றவருக்கு அப்படிப்பட்ட சான்றிதழ் இல்லை. ஒரு முறையை மேம்பட்டது என்று நிறுவுவது எளிது. பழகிய கையை மாற்றும் செலவை யார் ஏற்பது என்பதே கடினமான கேள்வி. அச்செலவைத் தட்டச்சரின் தலையில் வைத்த தரங்கள் தாளில் நின்றன.

அண்டை மொழியோடு ஓர் ஒப்பீடு. கன்னடத்துக்கு கே. பி. ராவ் வகுத்த விசைமுறை ஒலிப்புவழிப்பட்டது. கே விசையில் ககரமே இருக்கும். கர்நாடக அரசு ஏற்ற ‘நுடி’ மென்பொருள் வழியாக அதுவே அரசு அலுவலகங்களில் நிலைபெற்றது. ஏறத்தாழ ஒரே காலகட்டத்தில் சென்னை இலக்கணத்தையும் பெங்களூர் ஒலிபெயர்ப்பையும் தேர்ந்தன. வியப்பான ஓர் ஒற்றுமையும் உண்டு: நுடியில் மெய்யின் அகரத்தை நீக்கும் குறி எஃப் விசையில் உள்ளது, தமிழ்99இல் புள்ளி இடவும் அதே எஃப் விசைதான்.

5. தரவில் பதிந்த விரல்ரேகை

ஒருங்குறி பரவி, 2010 ஜூனில் தமிழக அரசும் அதை ஏற்ற பிறகு, எந்த விசையில் அடித்தாலும் சேமிக்கப்படும் எழுத்து ஒன்றாயிற்று. சிக்கல் தீர்ந்தது என்றே பலரும் எண்ணுகிறோம். வாசகரைப் பொறுத்தவரை அது உண்மை. ஆய்வாளரைப் பொறுத்தவரை அப்படியில்லை. ஏனெனில் பிழைகள் விசைப்பலகைக்கு விசைப்பலகை வேறுபடுகின்றன.

சமூக ஊடகப் பதிவுகளைத் தரவாகக் கொண்டு ல–ள, ர–ற, ன–ண மயக்கங்களை ஒருவர் ஆராய்வதாகக் கொள்வோம். ‘மணம்’ வர வேண்டிய இடத்தில் ‘மனம்’ என்றும், ‘பள்ளி’ வர வேண்டிய இடத்தில் ‘பல்லி’ என்றும் இருக்கின்றன. எழுதியவரின் பேச்சில் அவ்வேறுபாடு மறைந்துவிட்டது என்று முடிவு கட்டலாமா? அவர் அஞ்சல் முறையில் எழுதியவரானால், ஷிஃப்ட் விசை சரியாக அழுந்தவில்லை என்பதும் அதே அளவுக்கு ஏற்கத்தக்க விளக்கம். தமிழ்99இல் ன, ண விசைகளுக்கிடையே ட உள்ளது. ல கீழ்வரிசை, ள மேல்வரிசை. விரல் தவறியது என்று அங்கே எளிதில் சொல்ல முடியாது. ஒரே பிழை, ஒரு விசைப்பலகையில் விரலைப் பற்றியும் மற்றொன்றில் மொழியைப் பற்றியும் சான்று கூறுகிறது.

மறுபுறம், தமிழ்99க்கே உரிய தடயங்கள் உண்டு. ‘மமதை’ என்று எழுத இடையில் அகர விசையை அழுத்த வேண்டும். மறந்தால் தானியங்கிப் புள்ளி விழுந்து ‘ம்மதை’ ஆகிவிடும். ‘சசி’ என்ற பெயர் ‘ச்சி’ ஆகும். மொழிமுதலில் புள்ளியெழுத்து வருவதைக் கண்டு புதிய எழுத்துவழக்கு என்று மயங்க வேண்டியதில்லை.

வடிவத்தை எழுத்தாகக் கொண்ட தட்டச்சு மரபின் எச்சம் கண்ணுக்கே தெரியாது. ‘ஔவையார்’ என்பதன் முதலெழுத்தை ஒ, ள என இரண்டாக அடித்து ‘ஒளவையார்’ என்று எழுதிய பக்கங்கள் ஏராளம். படிப்பவருக்கு இரண்டும் ஒன்றே. தேடலுக்கும் எண்ணிக்கைக்கும் இரண்டும் வேறு. காலும் ரகரமும் இடம் மாறிய சொற்களும் இவ்வகையே. தட்டச்சுப் பொறியில் குற்றமற்ற பழக்கம் கணினியில் ஒரு சொல்லை இரண்டாக்கிவிடுகிறது.

ஓலைச்சுவடிப் பதிப்பாளர்களுக்கு இம்முறை புதிதன்று. ஏட்டில் புள்ளி இல்லை, குறில் நெடில் வேறுபாடு தெளிவாக இல்லை, காலும் ரகரமும் ஒன்றுபோல் இருக்கும் என்று அறிந்தே அவர்கள் பாடம் தேர்ந்தார்கள். எழுதுகருவியின் இயல்பை அறிவது பாடத் தேர்வின் முதற்படி. எழுத்தாணிக்குக் காட்டிய அக்கவனத்தை விசைப்பலகைக்கும் காட்ட வேண்டும் என்பதே என் வாதம்.

நடைமுறையில் மூன்று செயல்கள் போதும். ஒன்று, எழுத்துத் தரவு திரட்டும்போது எழுதியவர் பயன்படுத்திய விசைமுறை, கருவி, தானியங்கித் திருத்தம் இருந்ததா இல்லையா ஆகியவற்றை அவருடைய ஊர், வயது, கல்வி ஆகியவற்றோடு குறித்துக்கொள்வது. இரண்டு, பழைய எழுத்துருக் கோப்புகளை ஒருங்குறிக்கு மாற்றும்போது மூலக் கோப்பை அழிக்காமல் காப்பது. மாற்றியில் நேர்ந்த பிழையையும் எழுதியவரின் பிழையையும் பிரித்தறிய வேறு வழியில்லை. மூன்று, விசைமுறை தெரியாத தரவில் ல–ள, ர–ற, ன–ண மயக்கங்களை எண்ணி ஒலியியல் முடிவுக்குப் போகாதிருப்பது.

கைப்பேசிகளில் ஒலிபெயர்ப்புப் பரிந்துரையும் குரல்வழி உள்ளீடும் பெருகிவிட்டன. எழுதுபவருக்கும் எழுத்துக்கும் நடுவே இப்போது ஓர் அகராதியும் நிற்கிறது; அவர் அடித்தது என்ன, மென்பொருள் தேர்ந்தது என்ன என்பது சேமித்த பனுவலில் தெரிவதில்லை. நாளைய ஆய்வாளர் நம் காலத் தமிழைப் படிக்கும்போது இவ்விவரங்கள் அவருக்குத் தேவைப்படும். இன்று குறித்து வைத்தால் மட்டுமே அவருக்குக் கிடைக்கும்.

1970கள் முதல் 1990கள் வரை தட்டச்சுப் பயிலகங்களில் கற்றவர்கள், கற்பித்தவர்கள், தரவகத் திட்டங்களில் தட்டெழுதியவர்கள் நம்மிடையே இருக்கிறார்கள். நண்பர்கள் தம் குடும்பத்திலோ துறையிலோ அத்தகையோர் இருந்தால், அவர்கள் எந்தப் பொறியில், எந்த வரிசையில், எந்த முதற்பாடத்தோடு கற்றார்கள் என்பதைக் கேட்டு எழுதிவைக்க வேண்டுகிறேன். இங்கே பகிர்ந்தாலும் நன்றியுடையவனாவேன்.